காப்பி தீர்ந்தால் என்ன ஆகும்? ஓர் அச்சத்தின் வரலாறு

வீட்டில் அரிசி குறைந்தால் கவலை பிறக்கும். காப்பித் தூள் குறைந்தால் கலக்கம் பிறக்கும். அரிசியின் அளவை வீட்டார் ஒரு வாரம் முன்னதாகவே கணக்கிட்டு, கடைக்குப் போகும் நாளைக் குறித்துவிடுவர். காப்பி டின்னின் அடியில் கரண்டி உரசும் ஓசை கேட்ட மாத்திரத்தில் அத்தகைய நிதானம் எவருக்கும் இருப்பதில்லை. அன்றிரவே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. எஞ்சியுள்ள தூளை நாளைக் காலையில் குறைவின்றிப் போட்டுக் குடித்துவிட்டு, பின்னர் வருவதைப் பார்த்துக்கொள்வோம் என்பது ஒரு கட்சி. நீரைக் கூட்டி, தூளைக் குறைத்து, மூன்று நாளைக்கு ஓட்டுவோம் என்பது மற்றொரு கட்சி. எவருக்கும் சொல்லாமல் இரண்டு கரண்டித் தூளை ஒரு சிறு புட்டியில் ஒதுக்கி வைக்கும் மூன்றாவது கட்சியும் உண்டு. அது தன்னை ஒருபோதும் வெளிக்காட்டிக் கொள்வதில்லை. தமிழ் மரபில் நூலுக்கு முதலில் வருவது காப்பு. பல வீடுகளில் நாளுக்கு முதலில் வருவது காப்பி.

பண்டார் தெங்காரா போன்ற ஊரில் இந்தக் கலக்கத்திற்கு ஒரு தனிச்சுவை உண்டு. கூலாய் மாவட்டத்தில், எத்திசையில் நோக்கினும் செம்பனை தெரியும் நிலப்பரப்பின் நடுவே எழுந்த ஊர் இது. உடனடிக் காப்பிப் பொட்டலம் எந்தக் கடையிலும் தொங்கும். ஆதலின் காப்பி இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை. இல்லாமற் போவது ‘நல்ல காப்பி’ மட்டுமே. நல்ல காப்பி எது என்று கேட்டால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விடை கூறும். ஒரு வீட்டுக்கு அது குளுவாங்கில் வறுத்து அரைத்த கருந்தூள். இன்னொரு வீட்டுக்கு அது தமிழகத்திலிருந்து வந்த உறவினர் பெட்டியில் வைத்துக் கொணர்ந்த சிக்கரி கலந்த தூள். தீர்ந்துபோவது ஒரு பொருள்தானா, அன்றி ஒரு பழக்கத்தின் நினைவா என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்புவது ஒன்றே. காப்பி தீர்ந்துவிடும் என்னும் அச்சம் கோப்பையைக் கையில் ஏந்தியவருக்கு வேடிக்கையானது. செடியை நட்டவருக்கோ, காப்பி தீர்வது என்பது ஊரையும் கடலையும் கடந்து பெயர வேண்டிய கட்டாயமாக இருந்தது. தமிழர் இவ்விரு பக்கத்திலும் நின்றவர்கள். மலேசியத் தமிழரின் வரலாற்றில் ரப்பருக்கு முன்னே காப்பி நிற்கிறது என்பதையும், ஜோகூர் மண்ணும் அவ்வரலாற்றில் பங்குகொண்டது என்பதையும் ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே நம் வேட்கை.

சொல் காட்டும் வழி

மொழியில் ஈடுபாடுடையோர்க்குச் சொல்லே முதற்சான்று. அரபு மொழியின் ‘கஹ்வா’ துருக்கியில் ‘கஹ்வே’ ஆயிற்று. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. தமிழகத்தார் ஆங்கிலேயரிடமிருந்து கேட்டதைக் ‘காப்பி’ என்றனர். இலங்கைத் தமிழர் ‘கோப்பி’ என்றனர். மலாய் மொழியிலும் அது ‘கோப்பி’தான். இலங்கையின் கரையோரத்தையும் ஜாவாவையும் ஆங்கிலேயருக்கு முன் ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் இச்சொல் ஒகர ஒலியோடு வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் காப்பிச் செடியை ஊன்றியவர்களும் அவர்களே. ஆகவே ‘காப்பி’ என்பதற்கும் ‘கோப்பி’ என்பதற்கும் இடையிலுள்ள ஓர் எழுத்து வேறுபாட்டில் இரண்டு பேரரசுகளின் தடம் கிடக்கிறது. மலேசியத் தமிழர் வீட்டில் ‘காப்பி’ என்றும், கடையில் ‘கோப்பி ஓ’ என்றும் தயக்கமின்றி வழங்குகின்றனர். இரண்டு வழித்தடமும் நம் நாவில் கூடுகின்றன. கொட்டையின் பிளவு குளம்பை ஒத்திருத்தல் நோக்கிக் ‘குளம்பி’ எனத் தனித்தமிழ்ப் பெயர் படைத்தாரும் உளர். பெயர் எதுவாயினும் டின் காலியாகும்போது எழும் பெருமூச்சு ஒன்றே.

மன்னரையும் அசைத்த அச்சம்

இந்த அச்சம் நம் அடுக்களைக்கு மட்டும் உரியதன்று. 1730களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக், காப்பியைப் பொருளாகக் கொண்டு ஓர் இசைநாடகம் போன்ற படைப்பை இயற்றினார். மகளின் காப்பிப் பழக்கத்தை ஒழிக்க முயலும் தந்தை அவளுக்கு ஒவ்வொரு வசதியாக மறுத்துக்கொண்டே வருகிறார். இறுதியில் கணவனே கிடையாது என்கிறார். மகள் பணிந்தாற்போலக் காட்டி, காப்பி குடிக்க இசைபவனையே மணப்பேன் என்று மறைவில் உறுதி செய்துகொள்கிறாள். காப்பி பறிபோகும் அச்சத்தை நகைச்சுவையாக்கிய பழைய சான்றுகளுள் இது ஒன்று.

அதே நூற்றாண்டில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் இதனை நகைப்புக்குரியதாகக் கருதவில்லை. காப்பிக்காக நாட்டுப் பணம் வெளியே போகிறது என்று 1777இல் கண்டித்த அவர், குடிமக்கள் பழைய வழக்கப்படி பீர் குடிப்பதே நலம் என்றார். 1781இல் கொட்டையை வறுக்கும் உரிமையை அரசுடைமையாக்கினார். கள்ளத்தனமாக வறுப்போரைக் கண்டுபிடிக்க, போரிலிருந்து ஓய்ந்த பழைய படைவீரர்கள் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துச் சென்றனர். காப்பியை எப்படி ஒளித்தாலும் மணத்தை ஒளிக்க இயலாது என்பதை அவ்வரசு நன்கு அறிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா காப்பியைப் பங்கிட்டு வழங்கியது. 1942 நவம்பர் இறுதியிலிருந்து 1943 ஜூலை வரை, 15 வயதைக் கடந்த ஒருவருக்கு ஐந்து வாரத்திற்கு ஒரு பவுண்டு என்பது அளவு. பிரேசிலில் கொட்டை இருந்தது. அதை ஏற்றிவரக் கப்பல்தான் போதவில்லை. விளைச்சல் குன்றாமலேயே பொருள் தீரக்கூடும் என்பதை அந்த எட்டு மாதங்கள் காட்டின.

இவை எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது கிழக்கு ஜெர்மனியின் கதை. 1975 ஜூலையில் பிரேசிலின் பரனா மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. அடுத்த ஈராண்டுகளில் உலகெங்கும் விலை பன்மடங்கு ஏறியது. அயல்நாட்டுச் செலாவணி போதாத கிழக்கு ஜெர்மானிய அரசு 1977இல் ஒரு கலவையை விற்பனைக்கு விட்டது. அதில் 51 விழுக்காடு காப்பி. எஞ்சியது வறுத்த தானியம், பட்டாணி முதலியன. பல குறைகளைப் பொறுத்துக்கொண்டிருந்த மக்கள் இதனைப் பொறுக்கவில்லை. உணவகங்களின் காப்பி இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. முறையீட்டுக் கடிதங்கள் குவிந்தன. காப்பி என்னும் பெயரில் ஏதோ ஒன்றைத் தருவது போதாது, நல்ல காப்பி வேண்டும் என்று அம்மக்கள் கேட்டனர். பின்னர் அவ்வரசு 1980இல் வியட்நாமோடு உடன்படிக்கை செய்து, அந்நாட்டு மேட்டு நிலத்தில் காப்பி வளர்க்கக் கருவியும் முதலும் தந்தது. நட்ட செடி முழுப் பயன் தருவதற்குள் கிழக்கு ஜெர்மனி என்னும் நாடே மறைந்துவிட்டது. வியட்நாமோ இன்று உலகின் இரண்டாவது பெரிய காப்பி விளைநாடு. அது விளைவிப்பதில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் வருகிறது. பெர்லின் வீடுகளின் காலி டின்னுக்கும் ஜோகூர் வீடுகளின் நிறைந்த டின்னுக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு இருக்கிறது.

தமிழகத்து அடுக்களையில்

தமிழர் வாழ்வில் காப்பி பழமையானதன்று. கருநாடகத்துச் சிக்கமகளூர் மலைக்கு 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் சூபித் துறவி காப்பி விதை கொணர்ந்தார் என்பது செவிவழிக் கதை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி, சேர்வராயன் முதலிய மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போட்டனர். எனினும் மலையில் விளைந்தது சமவெளி வீட்டின் அடுப்புக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுந்தான் நடுத்தரக் குடும்பங்களில் அது நிலைபெற்றது. நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பறித்துக்கொண்டது என்று அக்காலத்துப் பெரியோர் பலர் வருந்தினர். அது உடலைக் கெடுக்கும், ஒழுக்கத்தைக் கெடுக்கும், பெண்டிரைச் சோம்பேறிகளாக்கும் என்றெல்லாம் இதழ்களில் எழுதினர். இந்த வாதங்களை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

கண்டனம் எழுந்த அதே காலத்தில் விருந்தோம்பலின் அளவுகோலாகவும் காப்பி மாறியது. வந்தவருக்குக் காப்பி தராத வீடு என்னும் பழிக்கு ஒவ்வொரு குடும்பமும் அஞ்சிற்று. ஆகவே டின் காலியாகும் அச்சத்தில் நாவின் பங்கு பாதி, மானத்தின் பங்கு பாதி. விருந்தினர் திண்ணையில் அமர்ந்திருக்க, பின்வாசல் வழியாகப் பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிக் கைமாற்றாகத் தூள் வாங்கும் வழக்கம் அந்த மானத்தைக் காக்கும் கலையே.

சிக்கரியின் கதையும் இங்கே நோக்கத்தக்கது. 1806இல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது, காப்பி கிடைக்காத நாடுகளில் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் குடிப்பது பெருகியது. தட்டுப்பாட்டுக் காலத்துப் பதிலியாகப் பரவிய அவ்வேர், பின்னாளில் தமிழகத்துப் பில்டர் காப்பியின் அடர்த்திக்கும் கசப்புக்கும் இன்றியமையாததாயிற்று. சிக்கரி இல்லாத காப்பியை ‘நல்ல காப்பி’ என ஒப்பாத வீடுகள் இன்றும் உண்டு. ஒரு தலைமுறை வேறு வழியின்றிக் குடித்ததை மற்றொரு தலைமுறை விரும்பிக் குடிக்கிறது. சுவையின் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வது.

இலங்கையில் உண்மையாகவே தீர்ந்தது

இதுவரை கண்டது கோப்பையின் பக்கம். இனிச் செடியின் பக்கம் செல்வோம்.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் காப்பித் தோட்டம் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டி மலைநாடு முழுவதும் காடழித்துக் காப்பி நடும் வேகம் பரவியது. உழைப்பாளிகள் தமிழகத்திலிருந்து வந்தனர். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் ஏழை மக்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற வடபகுதிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து சென்றனர். காலராவும் அம்மையும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அறுவடைக் காலத்தில் சென்று, அது முடிந்ததும் ஊர் திரும்புவோர் அவர்களுள் மிகுதி. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் இரயில் ஓடியதற்கும் காப்பி மூட்டைகளே முதன்மைக் காரணம். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் காப்பி ஏற்றுமதி ஏறத்தாழ 10 இலட்சம் அந்தரை எட்டியது.

1869ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. காப்பிப் பயிர் பற்றி ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சாயிற்று. மலையகத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட தொடக்ககாலத் தமிழ்நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதே ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றில் காப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. துருப்பிடித்த இரும்பைத் தடவினாற்போல அது விரலில் ஒட்டியது. இலைத்துரு நோயை உண்டாக்கும் பூஞ்சை அது. காப்பி வேளாண்மைக்குக் கும்மி பாடப்பட்ட அதே ஆண்டில் அதற்கு முடிவும் தொடங்கிவிட்டது.

நோய் ஏன் அத்தனை விரைவாகப் பரவிற்று? மலைச்சரிவெங்கும் இடையே வேறு மரமில்லாமல் ஒரே இனச் செடி நெருங்கி நின்றது. பூஞ்சையின் நுண்விதையைக் காற்றும் மழையும் ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குத் தடையின்றிக் கொண்டுசென்றன. 1880ஆம் ஆண்டு முதல் இலங்கையில் தங்கி இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவரவியலார் இக்காரணத்தை எடுத்துரைத்தார். அவர் அதனைக் கூறிய காலத்தில் தோட்டங்களைக் காப்பாற்றும் வாய்ப்பு கடந்துபோயிருந்தது. 1880களின் நடுவில் இலங்கைக் காப்பியின் பெருமை ஏறக்குறைய முடிவுற்றது. தோட்ட உடைமையாளர் நொடித்தனர். பல தோட்டங்களில் கூலி நிலுவையாக நின்றது. எஞ்சியோர் தேயிலைக்கு மாறினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆதலின் பருவந்தோறும் வந்து திரும்பிய உழைப்பாளி, குடும்பத்தோடு லயத்தில் நிலையாகத் தங்க வேண்டியவரானார். மலையகத் தமிழர் என்னும் சமூகம் உருப்பெற்றதில் இலைமேல் படிந்த அந்தச் செம்மஞ்சள் பொடிக்கும் பங்குண்டு.

ஜோகூருக்கு வந்த காப்பி

இலங்கையில் நொடித்த தோட்டக்காரர் சிலர் கிழக்கே மலாயாவை நோக்கினர். 1870களின் இறுதியிலிருந்து சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக், ஜோகூர் ஆகிய இடங்களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. மிளகும் கம்பிரும் பயிரிட்ட சீனரின் உழைப்பால் வளர்ந்துகொண்டிருந்த ஜோகூரில், சுல்தான் அபு பக்கார் புதிய பயிர்களை வரவேற்றார். மலாயாவின் தாழ்நிலத்து வெப்பத்திற்கு அராபிக்கா இனம் ஏற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவைத் தாயகமாகக் கொண்ட ‘லிபெரிகா’ இனமே பெரிதும் நடப்பட்டது. அது செடி என்பதினும் மரம் எனத்தகும். இலை தடித்தது, பழம் பெரியது. இலைத்துரு நோயை அராபிக்காவைவிட அது தாங்கி நின்றது.

தோட்டக்காரரோடு ஓர் ஏற்பாடும் கடல் கடந்து வந்தது. அதுவே கங்காணி முறை. நம்பிக்கைக்குரிய தொழிலாளி ஒருவரை ஊருக்கு அனுப்பி, அவர் வழியே உற்றார் உறவினரை அழைத்து வருவதே அதன் அடிப்படை. இலங்கைக் காப்பித் தோட்டத்தில் வளர்ந்த இம்முறை, மலாயாவின் காப்பித் தோட்டங்களில் வேரூன்றி, பின்னர் ரப்பர்க் காலத்தில் பெருகியது. மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்ததற்கு முதற்காரணம் காப்பியன்று என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். அதற்கும் முன்னரே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்துவிட்டனர். எனினும் கரும்புக்கும் ரப்பருக்கும் இடையே பாலமாக நின்றது காப்பியே.

அந்தப் பாலமும் நெடுநாள் நிற்கவில்லை. 1890களின் முற்பாதியில் உயர்ந்திருந்த விலையை நம்பிப் பலர் காடழித்துக் காப்பி நட்டனர். செடிகள் காய்க்கும் வேளையில், அளவின்றி விளைந்த பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிறைத்தது, விலை சரிந்தது. பருந்து அந்துப்பூச்சி வகையொன்றின் புழுக்களும் இலையைத் தின்று தீர்த்தன. இக்காலத்தில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் விதைகளைத் தோட்டக்காரர்களுக்குத் தந்து நடுமாறு வற்புறுத்தி வந்தார். அவரைப் பித்தர் என்று எள்ளியோரும் உண்டு. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வாணிப நோக்கில் நட்டார். காப்பித் தோட்டக்காரர் சிலர் தம் செடிகளின் வரிசைகளுக்கு இடையே ரப்பர்க் கன்றுகளை ஊன்றினர். கன்று வளர வளர அதன் நிழலில் காப்பி ஒடுங்கியது. ஒரே நிலத்தில், ஒரே தொழிலாளியின் கண்முன், ஒரு பயிரின் காலம் முடிந்து மற்றொன்றின் காலம் பிறந்தது.

இலங்கையில் காப்பி தீர்ந்தது நோயினால். மலாயாவில் அது தீர்ந்தது விலையினால். இரண்டிலும் செடியை நட்டவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

பெரட்டுக்கு முன் ஒரு கோப்பை

ரப்பர்க் காலத்துத் தோட்ட வாழ்வில் காப்பி வேறொரு வடிவில் திரும்பி வந்தது. ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன்தான். ஆகவே விடியுமுன் தோட்டத்தில் பெரட்டு. அதற்கு முன் லயத்து அடுப்பில் சூடான ஒரு கோப்பை. பெரும்பாலும் அது பாலில்லாக் காப்பி அல்லது தேநீர். வாய்த்த நாளில் டின் பால் சேரும். மரத்தில் பால் வெட்டச் செல்பவர் பாலில்லாக் காப்பி குடித்துச் செல்வது சொல்லளவில் வேடிக்கை. வாழ்வளவில் அதுவே உண்மை. தூள் தோட்டத்துக் கடையில் கடனுக்கு எழுதி வாங்கப்பட்டது. கணக்கு சம்பள நாளில் தீர்க்கப்பட்டது, அல்லது தீராமலே நின்றது. அங்கே டின் காலியாவது என்பது கடைக்காரரின் முகத்தை மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும் என்பதாகும். இன்று நாம் நகைத்துப் பேசும் அச்சம் அந்த வீட்டுத் தலைவிக்கு நகைப்பாக இருந்திருக்க முடியாது.

1942 தொடக்கத்தில் ஜோகூர் முழுவதும் ஜப்பானியர் வசமானது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அரிசியே அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சயாம் இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அக்காலத்தைப் பற்றிப் பேசும்போது காப்பி கிடைத்ததா என்று வினவுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் வரலாற்று மாணவர் ஒன்றை உணர வேண்டும்: காப்பி தீர்ந்ததே என்று ஒருவர் வருந்த முடிகிறது என்றால், அவர் வீட்டில் அரிசி இருக்கிறது என்பது பொருள். நகைப்புக்குரிய அச்சங்கள் அமைதிக் காலத்தின் அடையாளங்கள்.

பண்டார் தெங்காராவும் நம் டின்னும்

ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் 1972இல் அமைக்கப்பட்டு, காடாக இருந்த பெரும் பரப்பில் நிலத்திட்டங்களையும் புதிய ஊர்களையும் உருவாக்கியது. பண்டார் தெங்காரா அவற்றுள் ஒன்று. ‘தெங்காரா’ என்னும் மலாய்ச் சொல் தென்கிழக்கைக் குறிப்பது. அது தமிழின் ‘தென்கரை’யிலிருந்து பிறந்தது எனக் கருதுவோரும் உண்டு. ஊரின் பெயரிலேயே கடலோடிகளின் திசையறிவு தங்கியிருப்பது மொழி மாணவர்க்கு இனிய செய்தி.

செம்பனையின் ஆட்சிக்கு நடுவேயும் ஜோகூரில் காப்பி முற்றாக மறையவில்லை. பத்து பகாட், பொந்தியான், குளுவாங் வட்டாரங்களில் சிறு நிலவுடைமையாளர் லிபெரிகாவை இன்றும் வளர்க்கின்றனர். உலகச் சந்தையில் மிகச் சிறுபங்கே உடைய இந்த இனம், மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்காக விளங்குவது தனிச்சிறப்பு. குளுவாங் இரயில் நிலையத்துக் காப்பிக் கடை 1938 முதல் நடந்துவருகிறது. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணி வடிகட்டியில் வடித்து, டின் பால் கலக்கும் இந்நாட்டு முறைக்குத் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒருங்கே அடிமைகள். எனினும் உள்நாட்டு விளைச்சல் நம் நாவுக்குப் போதாது. நாம் குடிப்பதில் பெரும்பகுதி வியட்நாம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வருவது. பரனாவில் பனி விழுந்தாலும், வியட்நாம் மேட்டு நிலத்தில் மழை பொய்த்தாலும், அதன் செய்தி சில மாதங்களில் நம்மூர் மளிகைக் கடையின் விலைச்சீட்டில் வந்து நிற்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இதனால் ஒரு பணி உண்டு. நாம் இந்நாட்டுக்கு ரப்பருக்காக வந்தோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிப்பது நம் வழக்கமாகிவிட்டது. அவ்வாக்கியத்தில் கரும்பு இல்லை, காப்பி இல்லை, இலங்கை இல்லை. ஒரு பயிர் தீர்ந்து மறுபயிருக்குப் பெயர்ந்த மக்களின் நீண்ட நடையும் இல்லை. மாணவர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். அவரவர் வீட்டுக் காப்பிப் பொட்டலத்தைக் கொண்டுவரச் செய்து, அது எந்த இனம், எந்த நாட்டில் விளைந்தது, எங்கே வறுக்கப்பட்டது என்று தேடச் செய்க. பின்னர் வீட்டிலுள்ள மூத்தோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வரச் செய்க: நீங்கள் சிறுவயதில் காலையில் என்ன குடித்தீர்கள்? அதனை எங்கிருந்து வாங்கினீர்கள்? அது இல்லாத நாளில் என்ன செய்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளே மதிப்பு மிக்கவை. ஒருவர் சோள மணியை வறுத்த கதை சொல்லக்கூடும்; ஒருவர் அடுத்த லயத்தில் கைமாற்று வாங்கிய கதை சொல்லக்கூடும்; ஒருவர் ஒன்றும் சொல்லாமல் சிரிக்கக்கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறிய பின்னர், அவ்விடைகளை வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காப்பித் தூள் தீர்ந்தால் கூலாய்க்கோ குளுவாங்குக்கோ சென்று வாங்கி வரலாம். இம்முதியோரின் நினைவுகளை வாங்குவதற்குக் கடை ஏதும் இல்லை. அவற்றை நாம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.